வெளிநாட்டுல வேலை மாறப் போறீங்களா? மொதல்ல கடதாசி, பொறகு பெட்டி

வெள்ளிக்கிழமை ஆனா காலையிலேயே என் போன் அடிக்க ஆரம்பிச்சிரும். கட்டார்ல அன்னைக்கு லீவு நாள், நம்ம இலங்கை மலையகத்து பொகவந்தலாவ, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து புள்ளைங்க கேம்ப்ல உடுப்பக் கழுவிப் போட்டுட்டு வட்ஸ்அப்ல கூப்பிடுவாங்க. பாதிப்பேர் கேக்குறது ஒரே கேள்விதான். "அண்ணே, இந்தக் கம்பனியில ஒண்ணும் மிஞ்சல, வேற எடத்துல கூப்பிடுறாங்க, போயிறவா?" நான் 2013ல போய் பத்து வருஷம் தோஹாவுல இருந்தவன், 2016ல ஒரு நல்ல வேலை கைக்கு வந்தும் மாற முடியாம விட்டவன், 2021ல முறையா மாறினவன், அதனால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன், பொறுமையா படிங்க, கட்டார்ல இருக்கவங்களுக்கு விரிவா, மத்த நாட்டுல இருக்கவங்களுக்கு கடைசிப் பக்கமா கொஞ்சம்.

நம்ம தாத்தா பாட்டி காலத்துல துண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு போகணும்னா கடன் எவ்வளவுன்னு எழுதின துண்டு வேணும், புதுத் தோட்டம் அந்தக் கடன கட்டினாத்தான் ஆள விடுவாங்க, கடன் குடும்பத்தோட தலையிலதான் கூடவே போகும். 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. கல்ஃப்ல என்ஓசின்னு கேட்டாங்களே, "ரிலீஸ்" லெட்டர், அது கிட்டத்தட்ட அதே துண்டுதான், பழைய மொதலாளி கையெழுத்து வச்சாத்தான் புது வேலை. 2016ல நான் அதுக்காக மூணு மாசம் ஆபிஸ் வாசல்ல நின்னேன், கெடைக்கல. கட்டார்ல 2020ல வந்த 18ஆம், 19ஆம் நம்பர் சட்டங்களோட அந்த என்ஓசி போயிருச்சு, வீட்டு வேலை செய்ற அக்கா தங்கச்சிங்களுக்கும் சேர்த்து. இன்னமும் நம்ம ஆளுங்க சிலபேர் "ரிலீஸ் எடுத்துத் தாறேன்"னு சொல்ற புரோக்கர்கிட்ட ரெண்டாயிரம் ரியால் மூவாயிரம் ரியால் குடுத்துட்டு நிக்கிறாங்க, அதப் பாத்தா வயிறு எரியுது. இல்லாத ஒரு கடதாசிக்கு காசு குடுக்காதீங்க.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல செய்ய வேண்டியது புது வேலை தேடுறது இல்ல, பழைய கொன்ட்ராக்ட எடுத்து வாசிக்கிறது. அதுல மூணு விஷயம் பாருங்க: என்னைக்கு வேலைக்கு சேர்ந்தீங்கன்னு இருக்கு, ப்ரொபேஷன், அதாவது வேலைக்கு எடுத்துப் பாக்குற சோதனைக் காலம், எவ்வளவு (கட்டார்ல ஆறு மாசத்துக்கு மேல போட முடியாது), பேசிக் சம்பளம் எவ்வளவு. கொழும்பு ஏஜென்சியில கையெழுத்து வச்ச அக்ரிமென்ட் வேற, அங்க போன பொறகு லேபர் மினிஸ்ட்ரியில பதிஞ்ச கொன்ட்ராக்ட் வேற, ரெண்டுலயும் சம்பளம் வித்தியாசமா இருந்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன். செல்லுபடியாகிறது மினிஸ்ட்ரியில பதிஞ்சதுதான், அதோட கொப்பி உங்க கையில இல்லேன்னா ஆபிஸ்ல கேளுங்க, அது நம்ம உரிமை. அதே நேரம் பத்தாக்காவோட, அதாவது கட்டார் ஐடியோட தேதியையும் பாத்துக்குங்க. முடியப்போற பத்தாக்காவ வச்சிக்கிட்டு மாறப் போனா பாதி வழியில மாட்டிக்குவீங்க.

பாஸ்போர்ட் யார் கையில இருக்கு? ரூம்ல உங்க பெட்டியில இருந்தா நல்லது. கம்பனி வச்சிருந்தா எழுத்துல கேளுங்க, விசா வேலை முடிஞ்ச பொறகு பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுக்கணும்னு 2015ஆம் வருஷத்து 21ஆம் நம்பர் சட்டத்துல இருக்கு, பிடிச்சு வச்சா 25,000 ரியால் வரைக்கும் தண்டம். இத சண்டையா கேக்க வேணாம், "பேங்க் வேலைக்கு வேணும்"னு கேட்டாலே நெறைய எடத்துல குடுத்துருவாங்க.

அடுத்தது புது ஓஃபர். இதுலதான் நம்ம புள்ளைங்க ரொம்ப ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். யாரோ சைட்ல பாத்த ஆளு "எங்க கம்பனிக்கு வா, ரெண்டாயிரம் தாறேன்"னு சொன்னா அது ஓஃபர் இல்ல, பேச்சு. கம்பனி லெட்டர்ல, சீல் வச்சு, வேலையோட பேரு, பேசிக், சாப்பாட்டுக் காசு, ரூம் யாருடையது, எத்தன மணித்தியாலம், வருஷ லீவு, டிக்கட் எல்லாம் எழுதி வரணும். இப்ப கட்டார்ல 2021 மார்ச்ல இருந்து ஆகக் குறைஞ்ச சம்பளம் பேசிக் 1000 ரியால், கம்பனி ரூம் தரலேன்னா அதுக்கு 500, சாப்பாடு தரலேன்னா 300, ஆக மொத்தம் 1800. இப்ப நீங்க ரூமும் சாப்பாடும் கம்பனி தர்ற எடத்துல 1300 பேசிக்ல இருக்கீங்கன்னு வைங்க, வெளிய ஒருத்தன் "1900 முழுசா கையில"ன்னு கூப்பிடுறான், கேக்க பெருசா இருக்கு, ஆனா அந்த 1900ல பேசிக் 1000 தான், கட்டில் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் உங்க தலையில. அதோட ஓவர்டைம் கணக்கு பேசிக்ல இருந்துதான் போடுவாங்க, வேலைய விட்டு வரும்போது கெடைக்கிற சர்வீஸ் காசும் பேசிக்ல இருந்துதான், அதனால பேசிக் கொறைஞ்சா ரெண்டுலயும் அடி. நம்ம மலையில கொழுந்து எடை கொறஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, போடுவாங்களே, அந்த மாதிரி, பேரு இருக்கும் காசு இருக்காது. ஒரு கொப்பித் தாள எடுத்து ரெண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பாருங்க, வீட்டுக்கு மாசாமாசம் எவ்வளவு அனுப்ப முடியும்ங்கிறதுதான் கடைசிக் கணக்கு.

புதுக் கம்பனிகிட்ட இன்னொண்ணு கட்டாயம் கேளுங்க, ஸ்ரீலங்கா ஆளுக்கு, இந்த வேலைக்கு, உங்ககிட்ட விசா அப்ரூவல் இருக்கான்னு. அங்க ஒவ்வொரு கம்பனிக்கும் எந்த நாட்டு ஆளு, என்ன வேலைக்கு, எத்தன பேருன்னு கணக்கு இருக்கு. கம்பனிக்கு ஆசை இருந்தும் அப்ரூவல் இல்லாம எத்தனையோ மாற்றம் நின்னு போயிருக்கு. அந்தக் கம்பனியில வேலை செய்ற ரெண்டு பேர்கிட்ட, மேனேஜர்கிட்ட இல்ல, வேலை செய்றவங்ககிட்ட, சம்பளம் எத்தனையாம் தேதி பேங்க்ல விழுதுன்னு கேளுங்க. கட்டார்ல டபிள்யூபிஎஸ்னு சொல்ற சம்பளப் பாதுகாப்பு முறையில தேதி வந்து ஏழு நாளைக்குள்ள பேங்க்ல போடணும். "ரெண்டு மாசம் பிந்தும், ஆனா வந்துரும்"னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, இருக்கிற எடமே மேல்.

இப்ப நோட்டீஸ். இந்த எடத்த ரெண்டு தடவ படிங்க.

வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும்னா ஒரு மாசம் முன்கூட்டி சொல்லணும், ரெண்டு வருஷத்துக்கு மேலன்னா ரெண்டு மாசம். ப்ரொபேஷன்ல இருக்கவங்களும் மாறலாம், ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும், ஆனா புதுக் கம்பனி பழைய கம்பனிக்கு உங்கள எடுத்த செலவுலயும் டிக்கட்லயும் ஒரு பங்கு கட்ட வேண்டி வரும், அது உங்க ரெண்டு மாச பேசிக்குக்கு மேல போக முடியாது. அந்தக் காச கட்டுறது புதுக் கம்பனி, நீங்க இல்ல. சம்பளத்துல மாசாமாசம் வெட்டிக்கிறோம்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

நோட்டீஸ வாயால சொல்லக் கூடாது. லேபர் மினிஸ்ட்ரியோட ஒன்லைன் சிஸ்டத்துல தொழிலாளியே போடலாம், அதுக்கு வேணும்கிறது பழைய கொன்ட்ராக்ட் (பதியலேன்னா அந்த ஓஃபர் லெட்டர்), புதுக் கம்பனியோட ஓஃபர், அது அரபியில இருக்கணும், பிறகு உங்க பத்தாக்கா நம்பரும் அதே பத்தாக்காவுல பதிஞ்ச போன் நம்பரும். போன் நம்பர் விஷயத்த சின்னதா நெனைக்காதீங்க, நம்ம புள்ளைங்க நெறையப் பேர் கூட இருக்கவன் சிம்மத்தான் பாவிக்கிறாங்க, அப்படி இருந்தா எஸ்எம்எஸ் வேற ஆளுக்குப் போகும், வேலை நிக்கும். முன்கூட்டியே உங்க பேர்ல ஒரு சிம் எடுத்து வைங்க. நோட்டீஸ் போனதும் உங்களுக்கும் ரெண்டு கம்பனிக்கும் மெசேஜ் வரும், அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வச்சிருங்க. நான் என் வீட்டுக்காரிக்கு அனுப்பினேன், அவ அத ஹட்டன் டவுன்ல ஒரு கடையில பிரிண்ட் போட்டு பாஸ்போர்ட் கொப்பியோட வச்சிருந்தா, பின்னால ஒரு நேரம் என் போன் ஒடஞ்சப்போ அதுதான் கைகுடுத்துச்சு. ஒன்லைன்ல போட்டது போக, ராஜினாமா கடிதம் ஒண்ணும் எழுதி பழைய கம்பனியில குடுத்து, இன்னொரு கொப்பியில "கெடச்சது"ன்னு சீலும் தேதியும் வாங்கிக்குங்க. எழுதத் தெரியாட்டி வெக்கப்படாம யார்கிட்டயாவது கேளுங்க.

நோட்டீஸ் காலம் பூரா ஒழுங்கா டூட்டிக்கு போகணும். தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு போற மாதிரி, ஒருநாள் கூட விடாம. சிலபேர் நோட்டீஸ் போட்ட அடுத்த நாள்ல இருந்து அசட்டையா இருப்பாங்க, சூப்பர்வைசர் கூட சண்டை போடுவாங்க, அது அவங்களுக்கு கதவத் தெறந்து விட்ட மாதிரி ஆயிரும், "ஆள் வேலைக்கு வரல, ஓடிட்டான்"னு எழுதிக் குடுத்துருவாங்க. அந்த ஒரு வரி உங்க பத்தாக்காவ முடக்கிரும். நீங்க வேலைக்கு வந்ததுக்கு கைரேகை மெஷின் இருக்கா, டைம் ஷீட் இருக்கா, அத தெனமும் போட்டோ எடுங்க. பொய்யா ஓடிட்டான்னு போட்டாலும் நோட்டீஸ் மெசேஜும் அந்த போட்டோவும்தான் உங்க சாட்சி. உள்துறையோட மெட்ராஷ் ஆப்ல உங்க பத்தாக்கா நெலமய வாரத்துக்கு ஒரு தடவயாவது பாருங்க.

இங்க ஒரு கதை சொல்லணும், மனசு கேக்கல. எங்க லயத்துல ரெண்டு காம்பரா தள்ளி இருந்த பையன், பத்தொம்பது வயசுல சவுதி போனான், அம்மா காதுல கெடந்தத அடகு வச்சுத்தான் அனுப்புனாங்க. எட்டு மாசத்துல இன்னொரு ஊர்ல கூடச் சம்பளத்துக்கு ஒருத்தர் கூப்பிட்டாரு, "வந்து வேலையப் பாரு, இக்காமா பொறகு மாத்திக்கலாம்"னு. இக்காமான்னா சவுதி ஐடி. இவன் ராவோட ராவா பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். பழைய எடத்துல ஹுரூப் போட்டாங்க, அதாவது ஓடிப்போனவன்னு. புது எடத்துல ரெண்டு மாச சம்பளம் குடுத்தாங்க, பொறகு "உனக்கு இக்காமா இல்லையே, எங்க போய் சொல்லுவ"ன்னு அதையும் நிப்பாட்டிட்டாங்க. பிடிபட்டு, உள்ள இருந்து, வெறுங்கையோட வந்து எறங்கினான். அந்தத் தோடு இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு. அவன் கெட்டவன் இல்ல, சோம்பேறி இல்ல, அவசரப்பட்டான், சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இருக்கல. நான் இத எழுதுறதே அவனுக்காகத்தான். புதுப் பத்தாக்கா, புது இக்காமா கைக்கு வராம ஒரு நாள் கூட புது எடத்துல வேலை செய்யாதீங்க, "ட்ரையலுக்கு ரெண்டு நாள் வா"ன்னு கூப்பிட்டாலும் போகாதீங்க. கட்டார்ல நோட்டீஸ் ஒழுங்கா முடிக்காம நாட்ட விட்டுப் போனா ஒரு வருஷத்துக்கு திரும்பி வேலைக்கு வர முடியாது.

நோட்டீஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே புதுக் கம்பனி அவங்க பக்கத்து வேலைய ஆரம்பிக்கும். புதுக் கொன்ட்ராக்ட் மினிஸ்ட்ரி சிஸ்டத்துல தயாராகும், நீங்க கையெழுத்து வைப்பீங்க, அவங்க அத பதிஞ்சு, பொறகு உள்துறைக்கு புது பத்தாக்காவுக்குப் போகும். கையெழுத்து வைக்கும்போது ஓஃபர் லெட்டர பக்கத்துல வச்சு பேசிக்க ஒப்பிட்டுப் பாருங்க, ஆயிரத்து நானூறுன்னு சொன்னது ஆயிரமா மாறி இருக்கும், அந்த நேரம் வாய் தெறக்காட்டி பொறகு தெறந்து பிரயோசனம் இல்ல. தொழில் பேரையும் பாருங்க. எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போறவனுக்கு லேபர்னு போட்டிருந்தா அடுத்த தடவ மாறும்போது லேபர் சம்பளத்துல இருந்துதான் பேச்சு தொடங்கும். இதுக்கெல்லாம் உங்ககிட்ட காசு கேக்கக் கூடாது, கொன்ட்ராக்ட் பதியிற காசும் கம்பனி செலவு.

பழைய எடத்துல கணக்கு முடிக்கிறத பத்தி. கட்டார்ல ஒரு வருஷம் முடிச்ச ஆளுக்கு வருஷத்துக்கு ஆகக் குறைஞ்சது மூணு கிழமை பேசிக் சர்வீஸ் காசா வரணும், எடுக்காத லீவுக்கும் காசு வரணும், கடைசி மாசச் சம்பளமும் ஓவர்டைமும் தனி. உதாரணமா பேசிக் 1200ல நாலு வருஷம் இருந்தீங்கன்னா, ஒரு நாளைக்கு 40 ரியால், 21 நாளைக்கு 840, நாலு வருஷத்துக்கு 3360. இத நீங்களே கணக்குப் போட்டு எழுதி வச்சுக்கிட்டு ஆபிஸுக்குப் போங்க. "எல்லாம் வாங்கிட்டேன்"ங்கிற கடதாசியில காசு பேங்க்ல விழுந்த பொறகு கையெழுத்து வைங்க, முன்னால வைக்காதீங்க, வெறுந்தாள்ல எப்பவுமே வைக்காதீங்க. பேங்க் லோன் எடுத்திருக்கவங்க மொதல்ல பேங்குக்குப் போய் பேசணும், ஏன்னா சர்வீஸ் காசு வந்து விழுந்ததும் பேங்க் அத லோனுக்கு பிடிச்சு வைக்கலாம். அப்புறம் கம்பனிக்காக அரசாங்க ஆபிஸ் வேலை பாக்குற மன்தூப்கிட்ட, "நான் ஊருக்குப் போகல, கம்பனி மாறுறேன், விசா கேன்சல் பண்ணிராதீங்க"ன்னு தெளிவா சொல்லுங்க. தெரியாம கேன்சல் பண்ணி எக்ஸிட் அடிச்ச சம்பவமும் நடந்திருக்கு.

வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லணும். மாறுற நேரத்துல ஒரு மாசம், சில நேரம் ரெண்டு மாசம், சம்பளம் இழுபடும். புது பேங்க் கார்டு வரணும், மொத மாசம் பாதிச் சம்பளமா இருக்கும். அந்த நேரம் பாத்து சீட்டுக் காசு, லோன் தவணை, கடைக் கணக்கு எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும், அம்மாவோ வீட்டுக்காரியோ யார்கிட்டயாவது வட்டிக்கு வாங்குவாங்க, நீங்க மாறினதால கெடச்ச முந்நூறு ரியால அந்த வட்டி தின்னுரும். ரெண்டு மாச வீட்டுச் செலவ ஒதுக்கி வச்சிட்டு நோட்டீஸ் போடுங்க, முடியாட்டி நாலு மாசம் பொறுத்து மாறுங்க.

சர்டிபிகட் விஷயத்துல நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, ஐடியில ஒரு எழுத்து, பாஸ்போர்ட்ல வேற எழுத்து. அப்பா பேரு ஒண்ணுல முழுசா இருக்கும், ஒண்ணுல மொத எழுத்து மட்டும் இருக்கும். கடதாசி வந்தா தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும், அது வீட்டுக்கு வந்து சேர நாளாகும். புதுக் கம்பனி சர்டிபிகட் அட்டெஸ்ட் பண்ணிக் கேட்டா அப்ப ஓடித் திரியக் கூடாது, லீவுல வரும்போதே செஞ்சு வச்சிருங்க. வெளிநாட்டு அமைச்சோட கொன்சியூலர் பிரிவு கண்டியிலயும் இருக்கு, எல்லாத்துக்கும் கொழும்புக்கு பஸ் ஏற வேணாம். வேலை தெரிஞ்சும் சர்டிபிகட் இல்லாதவங்க, அனுபவத்த வச்சே சோதிச்சுத் தர்ற என்விகியூ தொழில் சான்றிதழ் ஒண்ணு இருக்கு, ஆர்பிஎல்னு கேளுங்க, நைட்டாங்கிற அரசாங்க தொழிற்பயிற்சி நிறுவனத்துல செய்யலாம். வெல்டிங்கோ வயரிங்கோ பத்து வருஷம் செஞ்சவன் ஹெல்பர் சம்பளத்துல இருக்கான்னா பாதிக் காரணம் அந்த ஒரு தாள் இல்லாததுதான்.

மத்த நாடுகள். சவுதியில 2021 மார்ச் 14ல இருந்து, கம்பனி விசாவுல ஒரு வருஷம் முடிச்சவங்க கிவாங்கிற அரசாங்க ஒன்லைன் தளத்துல நோட்டீஸ் போட்டு மாறலாம். சம்பளம் தொடர்ந்து மூணு மாசம் வரல, இக்காமா முடிஞ்சிருச்சு, இப்படிக் காரணம் இருந்தா அந்த ஒரு வருஷமும் பாக்க மாட்டாங்க. ஆனா இது வீட்டு டிரைவர், ஹவுஸ்மெய்ட், தோட்டக்காரர், ஆடு மேய்க்கிறவங்களுக்கு இல்ல, அவங்களுக்கு முசானத்ங்கிற வீட்டு வேலையாள் தளத்துல வேற விதி. நம்ம ஆம்பளைங்க நெறையப் பேர் வீட்டு டிரைவர் விசாவுல போய்ட்டு கம்பனிக்காரனப் பாத்து நாங்களும் மாறலாம்னு நெனைக்கிறாங்க, அது வேற இது வேற. இன்னொண்ணு, சவுதியில கொன்ட்ராக்ட் முடிஞ்சு விலகினா சர்வீஸ் காசு முழுசா வரும், நடுவுல நீங்களே ராஜினாமா பண்ணினா ரெண்டு வருஷத்துக்கு கொறைவுன்னா ஒண்ணும் இல்ல, ரெண்டுல இருந்து அஞ்சு வருஷம்னா மூணுல ஒரு பங்குதான். அதனால கொன்ட்ராக்ட் முடிய ரெண்டு மாசம் இருக்கும்போது அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீங்க.

டுபாய், அபுதாபி பக்கம் 2022 பெப்ரவரியில இருந்து புதுச் சட்டம். ப்ரொபேஷன்ல அங்கேயே வேற கம்பனிக்கு மாறினா ஒரு மாச நோட்டீஸ், நாட்ட விட்டுப் போறதுன்னா 14 நாள், ப்ரொபேஷன் முடிஞ்ச பொறகு கொன்ட்ராக்ட்ல போட்ட மாதிரி 30ல இருந்து 90 நாள். ஓமான்ல 2021 ஜனவரியில இருந்து கொன்ட்ராக்ட் முடிஞ்சவங்களுக்கு என்ஓசி கேக்குறது இல்ல. குவைத்ல விசாவுல 18ன்னு இருக்கா 20ன்னு இருக்கான்னு பாருங்க, 18 கம்பனி, 20 வீட்டு வேலை. 20ல இருந்து 18க்கு மாத்தித் தாறேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, அத அரசாங்கம் தெறந்து விட்டாத்தான் முடியும், 2024ல அப்படி ரெண்டு மாசம் தெறந்து விட்டாங்க.

பிரச்சினை வந்தா மொதல்ல அந்த நாட்டு லேபர் ஆபிஸ்ல முறைப்பாடு, கூடவே நம்ம எம்பசியில லேபர் பிரிவு. ஊர்ல இருக்கவங்க 1989க்கு அடிக்கலாம், அது வேலைவாய்ப்புப் பணியகத்தோட நம்பர், நம்ம ஆளுங்க பியூரோன்னு சொல்றது. அடிக்கிறதுக்கு முன்னால பாஸ்போர்ட் நம்பர், பியூரோவுல பதிஞ்ச விபரம், கம்பனி பேரு எல்லாம் ஒரு தாள்ல எழுதி பக்கத்துல வச்சுக்குங்க, போன்ல கேக்கும்போது அம்மாமாருக்கு பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் வராது. போறதுக்கு முன்னாலயே அந்தத் தாள எழுதி சாமிப் படத்துக்குப் பின்னால செருகி வச்சிட்டுப் போங்க.

புதுப் பத்தாக்கா கைக்கு வந்ததும் பேரு, தொழில், கம்பனி பேரு, தேதி நாலையும் பாருங்க. முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. புதுக் கொன்ட்ராக்ட் கொப்பியையும் அனுப்புங்க, லீவுல வந்து திரும்பிப் போகும்போது பியூரோ பதிவ புதுப்பிக்க அது வேணும், பழைய கம்பனி பேர்ல இருக்கிற பதிவ காட்டிக்கிட்டு கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல நிக்க வேண்டி வரக் கூடாது. அதுக்குப் பொறகு ரூமுக்குப் போய் பெட்டியக் கட்டுங்க, கூட இருந்தவங்ககிட்ட, சமைச்சுப் போட்ட ஆள்கிட்ட, சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிட்டுப் பகல் வெளிச்சத்துல கெளம்புங்க.